டெம்பர் போடாத பல்சக்கரம்

பூந்தமல்லிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் நஜ்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மண்ணும் கிடையாது. லாரி ஷெட்டில் டீசல் இன்ஜினைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் சாதுல்லாவை, 'லாரி இன்ஜின் தெரிஞ்சவனுக்குத் தோணி இன்ஜின் என்ன பெரிய கம்பசூத்திரமா' என்று எவனோ ஒருத்தன் தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். இவரும் மண்டையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். அவ்வளவுதான் சம்பந்தம்.

இப்போது அந்தச் சாதுல்லா, மாலத்தீவுப் பக்கம் ஒரு குட்டித் தீவுக்கு எதிரே, நங்கூரம் போட்ட மரச் சரக்குத்தோணியில் உட்கார்ந்திருந்தார். கூட இன்னும் ஐந்து பேர். தோணிக்கு அவரைவிட வயது அதிகம். இன்ஜின் தோணியைவிடக் கிழடு. சீமையில் செய்தது, செய்த கம்பெனியை இழுத்து மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. கடல் தண்ணீரை உள்ளே இழுத்து அந்த இன்ஜினின் சூட்டைத் தணிக்க ஒரு பம்ப் உண்டு. பம்பைச் சுற்றுவது உள்ளங்கை அகலத்தில் ஒரு பல்சக்கரம். அதில் பாதிப் பல் உதிர்ந்துவிட்டது. பம்ப் சுற்றாமல் இன்ஜினை ஓட்டினால் கொதித்து இறுகிப்போகும். ஓட்டாவிட்டால் தோணி நகராது. தோணியை அநாதையாக விட்டுவிட்டு ஒருத்தரும் ஊருக்குப் போகக் கூடாது என்று அங்கே துறைமுகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். தோணி முதலாளி முதலில் 'பார்க்கலாம்' என்றான். பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, இருந்து சமாளிக்கலாம். காற்று இருக்கிறதே, அதுதான் நஜ்மாவின் தூக்கத்தைத் தின்றது.

"தென்மேற்குக் காத்து ஆரம்பிக்கப் போவுது நஜ்மா," என்று சாதுல்லா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார். "நாங்க நிக்கற எடம் அந்தக் காத்துக்கு நேரா கீது. பின்னாடி பூரா பாறை. கவுறு அறுந்துச்சுன்னா பாறையிலதான் போய் மோதும். சீசனோட கடைசித் தோணி தூத்துக்குடில சரக்கு ஏத்திகினு கீது. அதுல கியரு வந்துட்டா காத்துக்கு முந்தி கிளம்பிப்புடலாம். இல்லாங்காட்டி மூணு மாசத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தோணியும் வராது. நீ பயப்படாத இன்னா."

நீ பயப்படாதவாம். நல்லா வருது வாயில்!

வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜ் கேன்டீனில் அவளுக்கு வேலை. லீவு போட்டுவிட்டு, சாதுல்லாவின் தங்கை சைமாவைத் துணைக்கு இழுத்துக்கொண்டு அலைந்தாள். முதலில் புதுப்பேட்டை. பழைய இரும்புக் கடை ஒவ்வொன்றிலும் இன்ஜின் பெயரைச் சொன்னாள். பேரையே சரியாகச் சொல்ல வரவில்லை. போனில் எழுதி வைத்துக் காட்டினாள். ஒரு பெரியவர் மட்டும், "இந்த இன்ஜினை எங்க அப்பா காலத்துல ஒடச்சிப் போட்டுகினு இருந்தாங்கம்மா," என்றார். ஆவடியில் ஒரு பழைய சாமான் வியாபாரி நாளைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தடித்துக் கடைசியில் டிராக்டர் கியர் ஒன்றைக் கொண்டுவந்து தலையில் கட்டப் பார்த்தான். சைமா அவனைத் திட்டிய திட்டில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பழசு கிடைக்காது, புதுசாகத்தான் செய்ய வேண்டும் என்று ஆனது. செய்வதென்றால் அம்பத்தூர் எஸ்டேட்தான். ராக்கெட்டுக்குத் திருகாணி வேண்டுமா, ரயிலுக்குப் பித்தளைக் குழாய் வேண்டுமா, எஸ்டேட்டில் ஏதாவது ஒரு சந்தில் ஒருத்தர் செய்துகொண்டுதான் இருப்பார். ஆனால் அத்தனை பேர் வாயிலும் ஒரே வார்த்தை.

"சாம்பிள் கொண்டா."

"சாம்பிள் கடல்ல கீதுங்க. போட்டோ கீது, அளவு கீது."

"சாம்பிள் இல்லாம எப்படிம்மா?"

எஸ்டேட் வாழ்வதே சாம்பிளில்தான். சாம்பிளைக் கையில் கொடு, அதன் பெயர்கூடக் கேட்க மாட்டார்கள், மயிரிழை பிசகாமல் இன்னொன்று செய்து நீட்டுவார்கள். சாம்பிள் இல்லையா, அடுத்த ஷெட்டைப் பார்.

தேவராஜின் ஷெட் ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. பல் வெட்டும் மெஷின் ஒன்றும் லேத் ஒன்றும் வைத்துக்கொண்டு தனியாளாக வேலை பார்ப்பவர். அவரும் அதையே சொன்னார்.

"ஆளைப் பாக்காம சட்டை தெக்கச் சொன்னா எப்படிம்மா?"

"அளவு குடுத்தா தெப்பாங்கல்லண்ணே?" என்றாள் நஜ்மா. "எங்க ஊட்டுக்காரரு மெக்கானிக்கு. வெர்னியர் வச்சு அளந்து அனுப்பிகீறாரு. பல்லு எத்தினி, ஓட்டை எத்தினி, எல்லாம் கீது. நான் இங்கயேதான் குந்திகினு இருப்பேன். நீங்க வெட்டாம நான் போவ மாட்டேன்." சொன்னவள் எண்ணெய்க் கறை படிந்த தரையில் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டாள்.

தேவராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "எந்திரிம்மா. துணியெல்லாம் எண்ணெ ஆவுது," என்றார். பிறகு போனை வாங்கி, போட்டோவைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். சாதுல்லா உடைந்த சக்கரத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து எடுத்த படம். பற்கள் நேராக இல்லை, சாய்ந்திருந்தன.

"சாஞ்ச பல்லு. ரைட்ல சாயுது. சரி, நான் பாத்துக்கறேன் போ."

பார்த்துக்கொண்டார், குறை சொல்ல முடியாது. கையிலிருந்த வேலையை ஓரங்கட்டிவிட்டு இரும்பைக் கடைந்து, பல் வெட்டி, அடுத்த தெருவில் ஃபர்னஸ் வைத்திருந்த கம்பெனியில் டெம்பர் போட்டு வாங்கினார். டெம்பர் என்றால் இரும்பை நெருப்பில் பழுக்கவைத்து எண்ணெயில் அமுக்கிப் பல்லைக் கெட்டியாக்குவது. அது இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக வெட்டினாலும் பல் சீக்கிரம் தேய்ந்துபோகும். கருநீலமாக மின்னிய சக்கரத்தை நஜ்மா கையில் வாங்கி, கண்ணில் ஒற்றி, முத்தமும் கொடுத்தாள். தேவராஜுக்கு வெட்கமாகிவிட்டது. அங்கேயே ஒரு போட்டோ எடுத்துச் சாதுல்லாவுக்கு அனுப்பினாள். தீவுப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். பேசி அனுப்பினால் போய்விடும், படம் போய்ச் சேர ராத்திரி முழுக்க ஆகும்.

மறுநாள் சாயங்காலம் வானகரத்தில் நிற்கும் தூத்துக்குடி ஆம்னி பஸ்ஸில் பார்சல் ஏற்ற வேண்டும். அதற்கடுத்த நாள் மதியம் கடைசித் தோணி புறப்படுகிறது. எல்லாம் கூடி வந்துவிட்டது என்று நஜ்மா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

காலையில் சாதுல்லாவின் குரல் வந்தது.

"நஜ்மா, படம் இப்பத்தான் வந்துச்சு. கியரு தப்பு. பல்லு எதிர்ப்பக்கமா சாயுது. இது உக்காராது நஜ்மா."

நஜ்மா சைமாவையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் அம்பத்தூருக்கு ஓடினாள். தேவராஜ் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது.

"இன்னாம்மா பேசற? படத்துல எப்படி கீதோ அப்படியேதான் வெட்டிகீறேன். எடு படத்தை, வச்சுப் பாரு!"

வைத்துப் பார்த்தார்கள். படத்தில் எப்படியோ அப்படியேதான் இருந்தது. நஜ்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் யார் மேல்தான் தப்பு?

சைமாதான் போனைப் பிடுங்கி, படத்தை விரலால் நகர்த்தி மூலைக்குக் கொண்டுபோனாள். சாதுல்லாவுக்குப் பின்னால் ஓர் அரிசி மூட்டை கிடந்தது.

"அண்ணி, மூட்டையில எழுத்தைப் பாரு. எல்லாம் திரும்பிக் கீது."

சாதுல்லாவின் போனில் பின்பக்கக் கேமராவுக்குள் உப்புத் தண்ணீர் போய் என்றோ கெட்டுவிட்டது. முன்பக்கக் கேமராவில், முகத்தை எடுப்பதுபோல எடுத்திருக்கிறார். அது கண்ணாடி மாதிரி இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் காட்டியிருக்கிறது. படத்தைச் சாம்பிளாக வைத்துக்கொண்டு, மயிரிழை பிசகாமல் தேவராஜ் வெட்டிவிட்டார்.

"கையில சாம்பிள் இருந்திருந்தா இந்தப் பேஜார் உண்டா?" என்று தேவராஜ் சுவரில் ஓங்கி அறைந்தார். ஆனாலும் நல்ல மனுஷன். மிச்சமிருந்த இரும்புத் துண்டைத் தேடி எடுத்து லேத்தில் மாட்டினார். மெஷினில் மறுபக்கச் சாய்வுக்கு வேண்டியதை மாற்றிக்கொண்டே, "பல்லு மதியத்துக்குள்ள வெட்டிப்புடலாம். டெம்பர்தான். நீ போய் ஃபர்னஸ்ல கேட்டு வை. வீரராகவன்னு சூப்பர்வைசர் இருப்பாரு. கெஞ்சு, கால்ல வுழு, இன்னா வேணா பண்ணு," என்றார்.

நஜ்மா எல்லாவற்றையும் பண்ணினாள். வீரராகவன் அவளைக் கேட்டுக்கு வெளியே நிற்கவைக்கவில்லை. உள்ளே கூட்டிப்போய், ஓர் ஆள் உயரத்துக்கு மூடிக் கிடந்த ஃபர்னஸின் கதவைக் காட்டினார். அதன் பக்கத்தில் போகும்போதே முகம் எரிந்தது.

"காலையில லோடு ஏத்திட்டோம்மா. நாளைக்குத்தான் கதவு திறக்கும். நடுவுல திறந்தா உள்ள இருக்கிற அத்தனை கம்பெனி சரக்கும் வீணாப் போயிடும். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?"

"சார், அங்க ஆறு பேரு கீறாங்க சார். காத்து வந்துரும் சார். எங்க பொண்ணு மெஹக்குக்கு எட்டு வயசுதான் சார் ஆவுது." சொல்ல வந்தது வேறு, வாயில் வந்தது வேறு. அழக் கூடாது என்று வந்தவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

வீரராகவனும் சும்மா இருக்கவில்லை. தெரிந்த இடங்களுக்கெல்லாம் போன் போட்டார். எங்கேயும் நாளைக்கு, நாளைக்கு என்றார்கள். நாளைக்கு மதியம் தோணி போய்விடும். அவர் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே கிளம்பினாள்.

திரும்பி வந்தபோது புதுப் பல்சக்கரம் மேஜைமேல் இருந்தது. வெள்ளையாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"அண்ணே, கேஸ் வச்சு நீங்களே சூடு பண்ணி எண்ணெயில போட முடியாதா?"

"போடலாம். கோணிக்கும். வெடிச்சாலும் வெடிக்கும். வெடிச்சா இன்னொண்ணு வெட்ட இரும்பும் கெடையாது, நேரமும் கெடையாது." தேவராஜ் கைகளைத் துடைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "தங்கச்சி, நல்லாக் கேட்டுக்க. இதை இப்படியே அனுப்பினா ரெண்டு நாளும் ஓடலாம். ரெண்டு மணி நேரத்துல பல்லு மழுங்கி நடுக்கடல்ல நின்னாலும் நிக்கும். என் கையால வெட்டினதுதான், ஆனா நான் கேரண்டி சொல்ல மாட்டேன். உங்க ஊட்டுக்காரருகிட்ட டெம்பர் போடலன்னு தெளிவாச் சொல்லிடு. அவரு முடிவு பண்ணட்டும்."

வானகரம் போகிற வழியெல்லாம் அந்தக் கடைசி வாக்கியமே அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முடிவு பண்ணட்டும். அவர் என்ன முடிவு பண்ணுவார் என்று அவளுக்குத் தெரியாதா? பிரேக் சரியில்லாத லாரியை டிரைவர் கையில் கொடுக்க மாட்டேன் என்று ஷெட் முதலாளியோடு மல்லுக்கு நின்று வேலையை விட்டவர் அவர். டெம்பர் இல்லை என்றால் தொடமாட்டார். தொடாவிட்டால் தோணி அங்கேயே நிற்கும். காற்று வரும். பாறை பின்னால் இருக்கிறது.

பஸ் வந்து நின்றிருந்தது. வெயில் இறங்கவில்லை. கிளீனர் பார்சலை வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டி, டிக்கியில் வைத்தார். "காலையில தூத்துக்குடில ஆள் வந்து வாங்கிக்குவாங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே நஜ்மாவின் போன் அடித்தது. சாதுல்லா. சிக்னல் கிடைத்து நேராகவே கூப்பிட்டுவிட்டார். காற்றின் இரைச்சலும் தண்ணீர் அடிக்கும் சத்தமும் குரலுக்கு முன்னால் வந்தன.

"நஜ்மா, ஸ்பீக்கர்ல போட்டுகீறேன். எல்லாரும் பக்கத்துல கீறாங்க. கியரு ரெடியா?"

"ரெடி. பஸ்ஸுல ஏத்தியாச்சு."

"பல்லு சரியான பக்கம் சாயுதா?"

"சாயுது. பாத்துட்டுத்தான் வாங்கினேன்."

"டெம்பர் போட்டாச்சா?" குரல் ஓங்கியது. "போடலன்னா இப்பவே சொல்லிடு. நான் இன்ஜினைத் தொட மாட்டேன். இங்க அஞ்சு பேரு உசுரு என் கையில கீது."

சைமா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். டிக்கி இன்னும் திறந்துதான் கிடந்தது. நஜ்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"போட்டாச்சு," என்றாள். "நல்லா போட்டாச்சு. நீங்க கிளம்பி வாங்க."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். யாரோ விசில் அடித்தான். யாரோ அழுகிற மாதிரியும் இருந்தது. தூத்துக்குடிப் பேச்சில் ஓர் இளங்குரல் போனுக்கு மிக அருகில் வந்து, "யக்கா, நீங்க நல்லா இருக்கணும்க்கா. எங்கம்மைகிட்ட உங்களப் பத்திச் சொல்லுவேங்க்கா," என்றது. பிறகு சிக்னல் அறுந்துவிட்டது.

"அண்ணி! இன்னா காரியம் பண்ணிட்ட நீ?" சைமா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "தேவராஜ் அண்ணன் எத்தினி தபா சொன்னாரு?"

"வாயை மூடு சைமா."

"நடுக்கடல்ல நின்னுப்போச்சுன்னா?"

"வாயை மூடுன்னு சொன்னேன்!" பஸ் டிக்கெட் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிளீனர் டிக்கியை அடித்து மூடினார். பஸ் கிளம்பி, பாலத்தின்மேல் ஏறி, மற்ற வண்டிகளோடு கலந்து போய்விட்டது.

போனதும்தான் அந்தப் பையனின் குரல் நஜ்மாவைப் பிடித்துக்கொண்டது. எங்கம்மைகிட்டச் சொல்லுவேன் என்றானே. அந்த முதலாளி இத்தனை நாள் செய்ததையும் இவள் இப்போது செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன பெரிய வித்தியாசம்? அவன் கெட்டுப்போன இன்ஜினில் ஆறு பேரை ஏற்றி அனுப்பினான். இவள் கெட்டியாகாத பல்லை அனுப்பி, கெட்டி என்று சத்தியம் பண்ணுகிறாள். யா அல்லா, இது என்ன புத்தி எனக்கு என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். சொல்லிவிட வேண்டும். பார்சல் போய்ச் சேர நாள் இருக்கிறது, இப்போதே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். போனை எடுத்து மைக்கை அழுத்தப் போனாள்.

அதற்குள் சாதுல்லாவிடமிருந்து குரல் வந்து விழுந்தது. மெல்லிய குரல். ஆட்கள் இல்லாத இடத்துக்குப் போய்ப் பேசியிருக்கிறார். இந்த முறை பின்னணியில் கூச்சல் இல்லை, தண்ணீர் மட்டும்தான்.

"நஜ்மா, டெம்பர் போட்டிருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். காலையில தப்புன்னு சொல்றேன், சாயங்காலம் பஸ்ஸுல ஏத்தற. எந்த ஃபர்னஸ்ல அதுக்குள்ள போடுவான்? இத்தினி வருசம் கியர் மாட்டினவனுக்கு இது தெரியாதா? தெரிஞ்சுதான் கேட்டேன். இவனுங்க காதுல வுழணும்னு கேட்டேன். இந்தத் தோணி ஒழுவுது நஜ்மா. ராவும் பகலும் மாத்தி மாத்தித் தண்ணி எறைச்சாத்தான் மெதக்கும். பயந்துபோனவன் எறைக்க மாட்டான். நம்பிக்கை இருந்தாத்தான் ஊரு வரைக்கும் எறைப்பான். நான் மெதுவா ஓட்டறேன், அப்பப்ப நிறுத்தி மூடியத் தொறந்து பல்லைப் பாத்துகினே வரேன். இங்க இருந்தாலும் பாறை, கிளம்பினாலும் அல்லா விட்ட வழி. கிளம்பிடறேன். வழியில ஏதாவது ஆச்சுன்னா, நீ இதை மனசுல போட்டுகினு திரியாத. அது நீ சொன்ன பொய் இல்ல. நான் கேட்டு வாங்கின பொய்."

நஜ்மா அதைக் கேட்டு முடித்துவிட்டு, பார்சல் ஆபீஸ் படியில் உட்கார்ந்துவிட்டாள். பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அந்த மனுஷன் அத்தனையையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டு கடலில் இறங்கப் போகிறார் என்றுதான் புரிந்தது. கோபம் கோபமாக வந்தது, அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது. சைமா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நஜ்மா முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு மைக்கை அழுத்தினாள்.

"முழுசா உங்களுதுன்னு தூக்கிகினு போவாதீங்க. பாதி என்னுது. ஊட்டுக்கு வாங்க, அப்பால பேசிக்கலாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "யக்கான்னு ஒர்த்தன் பேசினானே, அவன் பேரு இன்னா? பேரு தெரியாம நான் எப்படி அவனுக்காக அல்லாகிட்ட துவா கேப்பேன்? பேரைச் சொல்லுங்க."

அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. அங்கே சிக்னல் போய்விட்டிருந்தது. பூந்தமல்லி பஸ் வந்து, நின்று, கிளம்பிப் போயிற்று. நஜ்மா எழுந்திருக்கவில்லை, இரண்டாவது டிக்குக்காகப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.